மூன்று தசம் ஒன்பது

ஏஜாக்ஸில் என் கராஜுக்குள்
ஐந்நூற்றுப் பத்துக் குதிரைகள்.
லாயம் கூட்டத் தேவையில்லை.
தீனிதான் பிரச்சினை:
தொண்ணூற்று நாலு ஒக்டேன் தவிர
வேறெதையும் வாயில் வைக்காது.

பூச்சியத்திலிருந்து நூறுக்கு
மூன்று தசம் ஒன்பது செக்கன் என்று
விற்றவன் சொன்னான்.
நூறிலிருந்து பூச்சியத்துக்கு
என் வங்கிக் கணக்கு அதைவிட விரைவு என்று
சொல்லவில்லை.

மாதம் நானூற்று எண்பத்தாறு இன்சூரன்ஸ்.
"வயசு முப்பத்தெட்டு, ஒரு டிக்கெட்டும் இல்லை,
பிறகும் ஏன் இவ்வளவு?"
ஃபோனில் டெரன்ஸ் இருமினான்.
"உங்களுக்கில்லை சுகிர்தா, காருக்கு.
இதே காரை ஓட்டினவர்கள்
இதுவரைக்கும் செய்த எல்லாத்துக்கும்."
யாரோ முன்செய்த வினையை
நான் தவணை முறையில் கழிக்கிறேன்.

பன்னிரண்டாயிரம் கிலோமீற்றரில்
பின் ரயர்கள் வழுக்கையாகின.
அமாரோ அவற்றைக் கையால் தடவி
பிரேதத்தின் கண்ணை மூடுகிறவன் போலத்
தலையாட்டினான்.
இரண்டுக்கும் சேர்த்து ஆயிரத்து நானூறு.
பிறேக்குக்கு அவன் சொன்ன தொகைக்குக் குறையவே
என் முதல் கொரோலாவை வாங்கியிருந்தேன்.
ஓட அல்ல, நிற்கத்தான்
கூடக் காசு போகுமென்று அன்றுதான் விளங்கியது.

குகதாசன் அண்ணா வந்தார்.
"விசரோ உனக்கு?
இந்தக் காசுக்கு பேஸ்மென்றைக் கட்டியிருந்தால்
மாசம் ரெண்டாயிரம் வாடகை."
சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.
திறப்பைக் கேட்டார்.
ஹார்வுட் அவனியூவில் ஒரு சிவப்பு விளக்கிலிருந்து
அடுத்த சிவப்பு விளக்குவரை போய் வந்தார்.
இறங்கும்போது முழங்கால் நடுங்கியதை
நான் காணவில்லை என்று நினைத்தார்.
பேஸ்மென்ற் கதையைப் பிறகு எடுக்கவேயில்லை,
அண்ணிக்கு முன்னால் தவிர.

காலை ஏழரைக்கு ஹைவேயில்
ஐந்நூற்றுப் பத்துக் குதிரைகளும்
ஒரு சீமெந்து லொறியின் பின்னால்
மணிக்குப் பதினெட்டில் ஊரும்.
பக்கத்து லேன் மினிவான் முந்திப் போகும்,
அதன் பின்கண்ணாடியில் ஒரு பிள்ளை
நாக்கை நீட்டிக்கொண்டு.
ஆளில்லாத இரவிலும் ஆசைக்கு எல்லை உண்டு:
ஐம்பது கூட ஓடினால்
பொலிஸ் காரையே தூக்கிக்கொண்டு போகும்.

மிஞ்சுவது ஏறுவழி.
வெஸ்ட்னி றோட்டிலிருந்து ஹைவேக்கு ஏறும் வளைவு.
வெள்ளென வேலை உள்ள நாட்களில்,
ஆறு மணிக்கு முன்,
வளைவு நிமிரும் இடத்தில்
வலது காலை ஊன்றுவேன்.
முதுகு இருக்கையோடு ஒட்டும்.
அடிவயிறு எங்கோ பின்னால் தங்கிவிட்டு
ஓடிவந்து சேரும்.
நூறு.
காலை எடுத்து, சிக்னல் போட்டு,
நல்ல பிள்ளையாக வலது லேனில் இணைவேன்.

ஒக்டோபர் கடைசியில்
கணக்குக் கொப்பியை எடுத்தேன்.
தவணை, இன்சூரன்ஸ், ரயர், ஒயில், பெற்றோல்,
பிறேக்கை அடுத்த வருசத்துக்குத் தள்ளியும்
பதினெட்டாயிரம்.
ஏறுவழி தொண்ணூறு தடவை,
தடவைக்கு நாலு செக்கன்.
ஆக, வருசத்துக்கு ஆறு நிமிசம்.
பிரித்தேன். செக்கனுக்கு ஐம்பது டொலர்.

பல் சுத்தம் செய்கிற எனக்கு
மணிக்கு ஐம்பது டொலர்தான் சம்பளம்.
ஊராரின் வாய்க்குள் குனிந்து
பற்காறை சுரண்டி, இரத்தம் துடைத்து,
"இன்னும் கொஞ்சம் ஆவென்று திறவுங்கோ" என்று
ஒரு மணித்தியாலம்.
அதற்கு ஒரு செக்கன்.

பேனையை வைத்துவிட்டுக் கனநேரம் இருந்தேன்.
விற்க யோசித்தேன் என்றுதான் நினைப்பீர்கள்.
இல்லை. எனக்கு இடித்தது வேறு:
விற்றவன் சொன்னது மூன்று தசம் ஒன்பது,
நான் போட்டது நாலு.
மிச்சத் தசம் ஒன்று, ஐந்து டொலர்,
எங்கே போகிறது?
மறுநாள் வளைவில் கவனித்தேன்.
ஊன்றுமுன் ஒருக்கால்
கண்ணாடியில் பின்னால் பார்க்கிறேன்,
யாரும் பார்க்கிறார்களா என்று.

நவம்பரில் முதல் பனி.
போர்வையால் மூடி
பற்றறிக்குச் சார்ஜர் கொழுவினேன்.
நித்திரையிலும் கறண்ட் குடிக்கிறது.

ஏப்ரல்வரை பஸ்.
ஒவ்வொரு தரிப்பிலிருந்தும் அது முனகிப் புறப்படும்போது
சப்பாத்துக்குள் என் வலது கால்
தன்பாட்டில் ஊன்றுகிறது.