ஆறு எலுமிச்சை

வீட்டை அழகுபடுத்த வந்தவள் பெயர் சுன்னிவா.
காலணியைக் கழற்றுமுன்பே
கூடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.
"இங்கே ஆட்கள் இருப்பது தெரிகிறது" என்றாள்,
மூட்டைப்பூச்சி இருப்பது தெரிகிறது என்பதுபோல.

குளியலறையில் ஒரு பல்துலக்கிகூட இருக்கக் கூடாதாம்.
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியதெல்லாம் உரிந்து வந்தது:
பல் மருத்துவரின் சீட்டு, வரி அலுவலகக் கடிதம்,
ஐவிண்ட் கையெழுத்தில் "பால்" என்று ஒரே ஒரு சொல்.
அவன் போய்ப் பதினான்கு மாதமாகிறது.
பால் நானே வாங்கிக்கொள்கிறேன்.
சீட்டைத்தான் எடுக்காமல் இருந்தேன்.

அதற்கு முந்தின வாரம் ஆய்வாளர் வந்துபோனார்.
நிலவறைச் சுவரில் ஊசியைக் குத்தி
நாடி பிடிப்பவர்போல் கண்ணை மூடிக்கொண்டார்.
பெர்கன் மழையில்
சுவர் மட்டும் எத்தனை நாள் விரதம் இருக்கும்?
அறிக்கையில் எழுதினார்: தரநிலை இரண்டு.
குறை உண்டு. உடனடி ஆபத்தில்லை. கண்காணிக்கவும்.
எங்கள் இருபது வருடத்தை
இவ்வளவு நறுக்கென்று யாரும் சொன்னதில்லை.

வெள்ளைத் தலையணைகள் வாடகைக்கு வந்தன.
தடித்த புத்தகங்கள் மூன்று, அட்டை நிறத்துக்காக.
கண்ணாடிக் கிண்ணத்தில் எலுமிச்சை.
"சாப்பிட்டுவிடாதீர்கள்" என்று சிரித்தவள்
பட்டியலிலும் குறித்துக்கொண்டாள்:
எலுமிச்சை, ஆறு.

ஞாயிறு, மதியம் ஒன்றரை.
நிஜ வீட்டைக் காரில் ஏற்றினேன்:
அழுக்குத் துணிக்கூடை, துளைபோடும் எந்திரம்,
பூனையின் மணல்தட்டு, பூனை,
மீன் பொரித்த சட்டி (கழுவ நேரமில்லை).
தெருமுனையில் நிறுத்தி
துடைப்பான் போய்வரும் இடைவெளியில்
என் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
குடைகள் ஏறின, குடைகள் இறங்கின.
எதிர்வீட்டு ஊட்வாரும் ஏறினார்,
தலைவாரி, கோட்டுப் போட்டு.
வாங்கவா வந்தார்?
முப்பது வருடமாய் உள்ளே பார்க்கக் காத்திருந்த மனிதர்.

எனக்கும் பொறுக்கவில்லை.
பூனைக்கு ஜன்னலை ஒரு விரல் திறந்துவைத்து இறங்கினேன்.

வாசலில் ஒரு பெட்டி நிறைய நீல பிளாஸ்டிக் உறைகள்.
என் வீட்டுக்குள் போக
என் காலணிக்கு உறை மாட்டிக்கொண்டேன்.
முகவருக்குக் காய்ச்சலாம்,
யோர்ன் என்றொரு பையன் நின்றான், என்னை அறியாதவன்.
"எதற்காக விற்கிறார்கள்?" என்று கேட்டுவைத்தேன்.
"வயதாகிவிட்டது பாருங்கள்,
சின்ன வீடாகத் தேடுகிறார்கள்."
எனக்கு நாற்பத்தெட்டு.
ஆனாலும் அந்தப் பன்மை
கொஞ்ச நேரம் கதகதப்பாக இருந்தது.

சமையலறையில் ஊட்வார் என்னைக் கண்டுவிட்டார்.
ஒரே தோட்டத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு திருடர்கள்போல
ஆளுக்கொரு மூலையாய்க் கூரையைப் பார்த்தோம்.

படுக்கையறையில் ஒருத்தி நாடாவால் அளந்துகொண்டிருந்தாள்.
"கட்டிலை இப்படித் திருப்பிப் போட்டால்?"
நாங்களும் போட்டோம், ஆறு மாதம்.
காற்று நேரே காதில் அடிக்கும்.
சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

மாடிப்படியில் அவள் மகள் என் பின்னாலேயே வந்தாள்.
ஆறு வயதிருக்கலாம், முன்பல் இல்லை.
"நீங்க ஏன் ஒரு படிய விட்டுட்டு ஏறுனீங்க?"

நான்காவது படி. முனகும்.
நேரங்கழித்து வந்தவரைக் காட்டிக்கொடுக்கும்.
கடைசி வருடங்களில்
நேரங்கழித்து வந்தது நான்.

"ஈரமா இருந்துச்சு" என்றேன்.
அவள் நம்பவில்லை.
இறங்கிப் போய்
இரண்டு காலும் சேர்த்து அதன்மேல் குதித்தாள்.
வீடு வாய்விட்டுக் கத்தியது.
கீழே யோர்ன் இருமினான்.
அவள் மறுபடி குதித்தாள்.

இரவு சட்டியைக் கழுவி
மிச்சமிருந்த மீன் துண்டைப் பொரித்தேன்.
பூனை வெள்ளைத் தலையணையில் ஏறிச் சுருண்டது.
கிண்ணத்தில் கைவிட்டு ஒன்றை எடுத்து
குறுக்கே நறுக்கிப் பிழிந்தேன்.
தட்டில் ஒரு விதை விழுந்தது.

செவ்வாய் மாலை இன்னொரு முறை வீடு காட்ட வேண்டும்.
இன்று கடை இல்லை.
நாளைக்கு ஓர் எலுமிச்சை வாங்க வேண்டும்.
பாலும்.