ஐப்பசி மட்டும்

நுவரெலியாவிலிருந்து வந்த லொறிப் பெடியன் சொன்னான்:
"இதுகளுக்கு வருசத்துல ஒருதடவ தூக்கம் வேணும்க்கா.
அங்க தை மாசம் புல்லு மேல வெள்ளையா படியும்,
எலயெல்லாம் கழட்டிப் போட்டுட்டு
வேரோட கெடக்கும்."

ஒட்டுசுட்டானில் வெள்ளைக்கு எங்கே போவேன்?
இங்கே எல்லாம் வேருக்குள் ஒளிகிற மாதம் ஆடி.
சோளகம் அடிக்க அடிக்க
கறுப்புச் சட்டிக்குள் மண் காய்கிறது.
விரல் விட்டுப் பார்த்தேன்,
தேத்தண்ணிச் சூடு.

கிணற்றடிக்குப் பின்னால் நாங்கள் மூடாமல் விட்ட பங்கர்.
அதை நிரப்பி மோட்டார்சைக்கிள் கொட்டில் போட
இரண்டு லோட் கிரவல் பேசி வைத்திருந்தார் கஜீபன்.
ஐப்பசி மட்டும் விடுங்கோ என்றேன்.
ஏனென்று கேட்கவில்லை.
மத்தியானம் பார்த்தால்
குழிக்கு மேலே நாலு கிடுகு சாய்ந்து கிடந்தது.

குளத்து மணல் ஒரு சாண் கொட்டி
சட்டிகளை விளிம்பு வரை புதைத்தேன்.
செவ்வந்திக் கன்றுகள், ஜெர்பரா,
பெயர் தெரியாத நீலம் ஒன்று.
மொட்டுகளைக் கிள்ளத்தான் கை கூசியது.
மூன்று நாளைக்கு ஒருக்கால் அரைச் சிரட்டைத் தண்ணீர்,
கூடினால் வேர் அழுகும்.
இரக்கம் வந்த நாட்களில்
வாளியைத் தூர வைத்துவிட்டு இறங்கினேன்.

இருபத்து மூன்று சட்டி பிடிக்கிறது.
நாங்கள் பதினொரு பேர் இருந்தோம் இதற்குள்,
மடியில் கிடந்த சின்னவனைச் சேர்க்காமல்.
பனங்குற்றிகள் எப்போதோ அடுப்புக்குப் போயின,
மேலே வானம்தான்.
என்றாலும் இறங்கும்போது
தலை தானாகக் குனிகிறது.

புரட்டாதியில் ஒரு தவளை குடிவந்தது.
ஒன்பது செத்துவிட்டன,
தூக்கிப் பார்த்தால் கனம் சொல்லிவிடும்.
மற்றதுகளின் தண்டை நகத்தால் சுரண்டுவேன்.
கபிலத்துக்குக் கீழே நூலளவு பச்சை.
எச்சில் தொட்டு அந்த இடத்தை மூடிவிடுவேன்,
யாரும் காணாமல்.

முதல் மழை ஒரு செவ்வாய் இரவு.
டோர்ச்சோடு எழும்பியது அவர்தான்:
"உள்ளுக்குத் தண்ணி நிக்கும், தூக்குவம்."
அவர் குழிக்குள், நான் மேலே,
நனைந்து நனைந்து கைமாற்றினோம்,
செத்த ஒன்பதையும் சேர்த்து.
இருபத்து மூன்று என்றார்.
பிறகும் ஏறி வராமல்
டோர்ச்சை மூலைமூலையாக அடித்து
இன்னும் ஒருக்கால் பார்த்தார்.

விடிய கிரவல்காரன் போன் எடுத்தான்.
நான் செவ்வந்தியின் பழைய இலையைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன்.
"மாசி வரட்டும் தம்பி" என்று
இவர் சொல்வது கேட்டது,
"இப்ப குழிக்குள்ள தவளை இருக்கு."