படி

குன்னூரில் மேல் சாலை விடுதி வாசலில் பேனர்.
'பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு' வரை
மூடுபனியில் படிக்க முடிந்தது. அதற்குக் கீழே
யாரை வரவேற்கிறார்கள் என்பது தெரியவில்லை.

நான் இழப்பு மதிப்பீட்டாளன்.
டேப்பின் ஒரு முனையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு
மறுமுனையோடு இடிபாட்டுக்குள் நடப்பவன்.
அன்றைக்குக் கூப்பிட்டது அளக்க அல்ல.
டெல்லியிலிருந்து வந்த குழுவுக்குச் சரிவு காட்ட.
எந்தச் சரிவு என்பதை
முந்தின இரவே முடிவு செய்திருந்தார்கள்.

வண்டிகள் பர்லியார் பக்கம் இறங்கவில்லை.
கேத்திப் பள்ளத்தாக்கில், கேரட் கழுவும் இடம் தாண்டி,
வெயில் விழும் நேரம் பார்த்து நிறுத்தினார்கள்.
"மலை ஒரே நாளில் விழுவதில்லை மேடம்" என்றார்
கூட்டமைப்பின் ஆலோசகர் அனந்தபத்மன்.
ஓய்வுக்கு முன்
அதே அமைச்சகத்தில் அதே கோப்பைப் பார்த்தவர்.
இணைச் செயலாளர் அவரை இன்னும் 'சார்' என்றார்.
முதலில் அதைத்தான் கவனித்தேன்.
விரிசல் தேடுவது என் தொழில்.

யாரும் குரல் உயர்த்தவில்லை.
கவர் கைமாறும், கதவு சாத்தப்படும் என்றெல்லாம்
நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.
கேட்டது நான்கு சொல்.
வரைவு விதியில் 'நிலச்சரிவு' என்றிருந்த வரியின் ஓரம்
'படிப்படியாக நிகழும் நகர்வு நீங்கலாக'
என்று பென்சிலால் எழுதி
தேநீர் ஆறுவதற்குள் மேசைமேல் நகர்த்தினார்கள்.

படிப்படியாக.
இங்கே வேறெப்படி?
தேயிலை படிப்படியாக ஏறுகிறது,
லைன் வீடுகள் படிப்படியாக இறங்குகின்றன.
பதினொரு நாள் ஊறிய மண்
பன்னிரண்டாம் நாள் விடியற்காலை மூணே முக்காலுக்கு
அரவேணு ஜோகியின் பேக்கரி அடுப்பைச்
சாலைக்குக் கொண்டுவந்து வைத்தது,
உள்ளே வர்க்கித் தட்டு சூடாக இருக்க.

நான்தான் போய் அளந்தேன்.
பின்சுவர் இருபத்திரண்டு அடி, காணவில்லை.
சுவரில் முன்பே கீறல் இருந்ததா, கேட்டது படிவம்.
"தீபாவளிக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு சார்,
சிமெண்ட் வெச்சு அடைச்சேன்."
எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.
கம்பெனி தர மறுத்தது.
ஊட்டி நுகர்வோர் மன்றத்தில் ஜோகி நாலு வருஷம் நடந்தார்.
சரிவென்றால் சரிவுதான், கீறலுக்கு விலக்கு
பாலிசியில் எங்கே எழுதியிருக்கிறது என்றது தீர்ப்பு.

அதனால்தான் இந்தக் கூட்டம்.
குழுவுக்குக் கொடுத்த புத்தகத்தில், இணைப்பு ஏழு:
சாலையில் நிற்கும் அடுப்பு,
என் அழகான கையெழுத்து,
நாடு முழுக்க இப்படியே தீர்ப்பு வந்தால் எத்தனை கோடி
என்று ஒரு சிவப்புக் கோடு மேலே ஏறுகிறது.
அனந்தபத்மன் சொன்னது பொய்யென்று சொல்ல மாட்டேன்.
எல்லாருக்கும் கொடுத்தால்
யாருக்கும் கொடுக்க இருக்காது என்றார்.
கணக்கு சரிதான்.
யாருக்கு முதலில் இல்லாமல் போகும் என்பதை
கணக்கு சொல்லவில்லை.

கடைசியில் அந்தம்மா என் பக்கம் திரும்பினார்.
"சரிவு எப்போது தொடங்குகிறது?
உங்களால் சொல்ல முடியுமா?"
நல்ல கேள்வி. நேர்மையாகப் பதில் சொன்னேன்:
"யாராலும் சொல்ல முடியாது மேடம்."

இரண்டு வாரம் கழித்துத் தபாலில் கூட்டக் குறிப்பு வந்தது.
உள்ளூர் மதிப்பீட்டாளரும் இதை ஏற்றுக்கொண்டார்.
கூடவே காசோலை: பயணப்படி, உணவுப்படி.
வங்கியில் போட்டேன்.

என் வீட்டுக் குளியலறைக்குப் பின்னால்
மயிரிழைக் கீறல் ஒன்று உண்டு.
குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டி
பக்கத்தில் தேதி எழுதியிருந்தேன்,
மலை நகர்ந்தால் கண்ணாடி சொல்லும் என்று.
அன்று மாலை டார்ச்சோடு போனேன்.
சில்லு உடையவில்லை.
தேதியை மட்டும்
ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்தேன்.