ஐந்தாவது வரி

முப்பத்தாறு வரி எழுதிக் கொடுத்திருந்தேன்.
சயான் கோலிவாடாவில் சாக்கடைக்குள் இறங்கிய சுடலைமுத்து
மேலே வரவில்லை.
இடுப்பில் கயிறு இல்லை, முகமூடி இல்லை.
இறக்கிவிட்ட காண்டிராக்டரின் பெயர் இருந்தது.

பன்வேல் அடுக்குமாடி விளம்பரம்
ராத்திரி பத்து மணிக்கு மூன்றாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.
எனக்கு நான்கு வரி மிஞ்சியது.
காண்டிராக்டர் ஐந்தாவது வரியில் இருந்தார்.

அதுதான் கடைசி இதழ்.
நாளை முதல் இணையத்தில் மட்டும் என்று
முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டோம்.
"மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."
அதற்குப் பிழை பார்த்தது நான்தான்.
பிழை ஒன்றும் இல்லை.

பயிற்சி நிருபர் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.
கழுத்துக் கயிறு மட்டும் என்னிடம் தங்கிவிட்டது,
வீட்டுச் சாவியை மாட்டியிருக்கிறேன்.
இரண்டு மாத உதவித்தொகை, பார்த்துச் செய்யலாமாம்.

என்னோடு டிப்ளமோ முடித்த ஜெபசீலி
வாஷியில் நகைக்கடை ரீல்ஸுக்குப் பேசுகிறாள்.
உன் குரலுக்கு நாற்பதாயிரம் கேட்கலாம்டி, என்கிறாள்.
அவள் பொய் சொல்லவில்லை.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

தாராவி தொண்ணூறடி ரோட்டில்
பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
நஷ்டஈட்டுக்கு வார்டு ஆபீஸில் பேப்பர் கட்டிங் கேட்கிறார்களாம்.
புருஷனின் நான்கு வரியை
பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தாள்.
கத்தரி தவறி
பாதிப் பால்கனியும் கொஞ்சம் நீச்சல்குளமும்
ஓரத்தில் ஒட்டி வந்திருந்தன.

இணையத்தில் முப்பத்தாறும் இருந்தன.
ஜெராக்ஸ் கடையில் பத்து ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு
அவளோடு போனேன்.

"இது பேப்பர் இல்லை," என்றார் கவுண்டர்காரர் இந்தியில்.
கட்டிங்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"இதில் காண்டிராக்டர் பெயர் இல்லை."
இரண்டும் உண்மை.

"நீ யாரு?"
"நிருபர்."
"எந்தப் பேப்பர்?"

கை கழுத்துக்குப் போய்
சாவியைத் தொட்டுத் திரும்பியது.

நோட்டை எடுத்தேன்.
ஜன்னல் எண் ஒரு வரி. தேதி ஒரு வரி.
மணி, பதினொன்று இருபது.
சட்டையில் குத்தியிருந்த மராத்திப் பெயரை
எழுத்துக் கூட்டி எழுதத் தொடங்கியதும்
ஒரு ஃபைலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.
பாதி எழுதியாகிவிட்டது.
மீதியைப் பியூனிடம் கேட்டுக்கொள்ளலாம்.

"வியாழக்கிழமை வாங்கம்மா," என்றார் பேச்சியம்மாளிடம்.
வேறொன்றும் நடக்கவில்லை.

ஐந்தாவது வரியில்
வியாழன் என்று எழுதிக்கொண்டேன்.