ஏழாவது கலம்

பங்குனி பிறந்து பத்து நாள்.
முனிசிபல் ஆபீசுக்குக் கூரை இல்லை.
கரித்தூள் தட்டிய மேசைமேல்
புது ரிஜிஸ்டர் இரண்டு விரித்திருக்கிறேன்:
ஜனனம், மரணம்.

பழையவை எரிந்துபோயின.
மேடையில் பேசியவர்களைப் பிடித்துப்போனார்கள் என்று
மாசிக் கடைசியில் கடைகள் அடைத்த அன்று
மண்ணெண்ணெய்க் கிடங்கில் பற்றிய தீ
என் அலமாரிக்கும் வந்தது.
பதினாலு வருடம் நான் எழுதிய பெயர்கள்
கரும்பூச்சியாய்ப் பறந்து
குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றில் இறங்கின.
பிறந்தவர்கள் மிதந்தார்கள்.
செத்தவர்களும்தான்.

மறுபடி எழுது என்று தாசில்தார் உத்தரவு.
கூடவே இன்னோர் உத்தரவு:
ஊருக்குள் இறக்கிய தண்டப் போலீசுக்குச்
சோறும் சம்பளமும் ஊரே கட்ட வேண்டும்,
வீட்டுக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு.
அதனால் யாரும் என் மேசைப் பக்கம் வருவதில்லை.
"எரிஞ்ச பேரு எரிஞ்சதாவே கெடக்கட்டும் பிள்ளைவாள்"
என்று நழுவினார் பாத்திரக்கடை அனஞ்சபெருமாள்.

பேராச்சி வந்தாள். வண்டிப்பேட்டைக்காரி.
"மவன் செத்துட்டான். எழுதும்."

பெயர்: ஊய்க்காட்டான்.
வயது: கார் அறுப்பு வந்தால் பதினேழு.
தொழில்: வண்டி அச்சுக்கு மசகு போடுதல்.
ஆறு கலம் மளமளவென்று நிரம்பியது.
ஏழாவது, மரணத்தின் காரணம்.

சர்க்கார் அனுமதித்த சாவுகள்
அச்சடித்து வந்திருக்கின்றன:
காலரா. அம்மை. ஜுரம். வயிற்றுப்போக்கு.
காயம் என்றால் அதற்குள் மூன்று:
தற்கொலை, பாம்புக்கடி, காட்டு மிருகம்.
தோட்டாவுக்கு இடம் விடவில்லை.
ஜுரம் என்று போடச் சொல்லி
இன்ஸ்பெக்டர் ஆளனுப்பியிருந்தார்.

"அவன் கத்தப் போவலய்யா.
மசகுச் சட்டியோட பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்னான்.
கையி ரெண்டும் கருப்பா இருந்துச்சுல்லா,
தீ வச்ச கைன்னு நெனச்சிட்டானுவ."

ஜுரம் என்று எழுதவா, என்று கேட்டேன்.
எனக்குச் சம்பளம் பன்னிரண்டு ரூபாய்.
கட்டிக்கொடுக்க மூன்று பெண்கள்.
அவளைப் பார்க்காமல்தான் கேட்டேன்.

"நெஞ்சுல நொழஞ்சு முதுவுல வர்ற சொரமா?"
முந்தானையை உதறிச் செருகினாள்.
"அப்பம் அது ஒட்டுற சீக்குல்லா, பிள்ளைவாள்.
ஊரு பூரா வரும்.
வரட்டும், எழுதும்."

அவள் போய் வெகுநேரம் பேனா காய்ந்து கிடந்தது.
பிறகு ஒரு காரியம் செய்தேன்.
துணிச்சல் என்று சொல்ல மாட்டேன்;
விதிக்குள் நின்றுதான் செய்தேன்.
அச்சடித்ததில் கடைசியை எடுத்து எழுதினேன்:
காட்டு மிருகம்.

அந்தப் பேச்சு எப்படிக் கசிந்ததோ,
தூத்துக்குடி குமாஸ்தா ஒருவன் அப்படியே எழுதினான்.
தச்சநல்லூரில் ஒன்று.
சவுக்கடி பட்டுச் செத்த கூலிக்கு
அம்பாசமுத்திரத்தில் ஒன்று.
வரி கட்டாதவர்கள் ராத்திரியில் கூடும் இடங்களில்
அதைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம்.
சிரித்து முடித்ததும்
வெகுநேரம் ஒருவரும் பேசுவதில்லையாம்.

இன்று மதராஸிலிருந்து தாக்கீது:
மேற்படி ஜில்லாவில் நடமாடும் மிருகம் எது,
எத்தனை உருப்படி,
கொல்பவருக்குச் சன்மானம் அறிவிக்கலாமா,
வாரத்துக்குள் விவரம் அனுப்பவும்.

இரண்டு தரம் படித்துவிட்டு மடித்து வைத்தேன்.
கொல்பவருக்கு.

விளக்கு வைக்கும் நேரம்.
பதிலுக்கு முதல் வரி ஓடவில்லை.
மைக்கூடு சாய்ந்து
உள்ளங்கை மணிக்கட்டு வரை கருத்துவிட்டது.
தண்ணீர்ப் பானை தீயில் உடைந்ததோடு சரி,
வேறு வாங்கவில்லை.

இந்தக் கையோடுதான்
பாலம் தாண்டி வீட்டுக்குப் போக வேண்டும்.