இரண்டு, பென்சிலால் இன்னொன்று

காலை ஐந்தே முக்கால், மார் ஓ வாக்வா.
பைன் மரங்கள் இன்னும் இரவின் பக்கம்.
லூதோவிக் துடுப்பைத் தூக்கிப் படகுக்குள் வைத்துவிட்டான்.
இனித் தண்ணீரின் இஷ்டம்.

நேற்று மதியம் போர்ட் லூயியில்
பஞ்சு வைத்த டப்பாவிலிருந்து
ஓர் இறக்கை எலும்பை எடுத்து அளந்தேன்.
சேற்றில் கிடைத்த கிளுவை.
கட்டந்தேநீர் நிறம்,
கிட்டத்தட்ட என் நடுவிரல் நீளம்.
பழைய கப்பல்காரர்கள் அதைச்
'சாம்பல் கிளுவை' என்று ஒரு வரியில் எழுதிவிட்டு
மீதியைத் தின்றுவிட்டார்கள்.

இன்று தேடுவது அதன் உறவு, உயிரோடிருப்பது:
மெல்லர் வாத்து.
மடகாஸ்கரிலிருந்து யாரோ கொண்டுவந்து
இந்தத் தீவில் விட்டது.
அங்கேயே இப்போது அருகிவிட்டது.
இங்கே விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றேன்.
லூதோவிக் ஒரு கையுறையை மட்டும் கழற்றினான்.

புருவக் கோடு கிடையாது, அதைப் பார்.
அலகு நீளம், மழையில் நனைந்த பலகையின் சாம்பல்.
ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உடுப்பு.
பூங்காவில் ரொட்டித் துண்டுக்கு ஓடிவரும்
பச்சைத் தலை ஐரோப்பியன் கலந்திருந்தால்
கண்ணுக்கு மேல் காட்டிக்கொடுத்துவிடும்.

நாணலோரம் ஒன்று.
அதன் பின்னால் இன்னொன்று.
மூன்றாவது திரும்பியபோது
கண்மேல் மெல்லிய வெளுப்பு.
'வெளிச்சம்' என்றான் லூதோவிக்.
'தகப்பன் வழி' என்றேன்.
தொலைநோக்கியைத் துடைத்தேன். வெளுப்பு போகவில்லை.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
பூர்வீகம், கொண்டுவரப்பட்டது.
கிளுவைக்கு முதல் கட்டம். யாரும் மறுக்க முடியாது.
அது இல்லை, அவ்வளவுதான்.
இதற்கு இரண்டாவது.
இது இதோ, தலையை முக்கிப் பாசி தின்கிறது.

கீழே கணக்கெடுத்தவர் பெயர்:
குமுதினி சின்னாப்பென்.
சின்னப்பன்தான்.
துறைமுகத்துக் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி.

தூறல். காகிதம் நனைவதற்குள் மடிக்கப் போனேன்,
படகின் விளிம்பில் பேனா தட்டிய சத்தத்துக்கே
மூன்றும் எழுந்தன.
நீரை உதைத்து, கழுத்தை நீட்டி,
ஒரு பச்சைப் பட்டை மின்னி மூடியது.
தோலுக்குள், தசைக்குள்,
நேற்று நான் பஞ்சில் திரும்ப வைத்தது
மேலும் கீழும், மேலும் கீழும்,
பைன் மரங்களைத் தாண்டி.

'மூன்று என்று போடவா?'
இரண்டு என்று போடு.
இன்னொன்றைப் பென்சிலால் எழுது.
அழிக்காதே.