நாலு விரற்கடை

எரென்ஹோட் எல்லையில் ரயிலைப் பிரித்துவிடுகிறார்கள்.
பெட்டி பெட்டியாகக் கொட்டகைக்குள் தள்ளி
ஆட்களோடு அப்படியே தூக்குகிறார்கள்.
மங்கோலியத் தண்டவாளம் அகலம்.
சீனத் தண்டவாளம் அதைவிட நாலு விரற்கடை ஒடுக்கம்.
அந்த நாலு விரற்கடைக்காக
நள்ளிரவில் மூன்று மணி நேரம்
கழிப்பறையைப் பூட்டிவிட்டுச்
சக்கரம் மாற்றுகிறார்கள்.

ஏழாம் பெட்டி, மேல் படுக்கை, மிச்சித்மா.
உலான்பத்தாரில் விளம்பரக் கம்பெனி வேலை.
என்ன வேலை என்று
அப்பாவுக்கு இன்னும் புரியவைக்க முடியவில்லை.
ஒரு பக்கத்தை விட்டு இன்னொரு பக்கம் போகிறீர்களே,
நடுவில் திரை முழுக்க வந்து நிற்குமே ஒன்று,
துணி துவைக்கும் இயந்திரமோ, கடனோ, தயிரோ,
அது அவள்.
அதாவது, அது எத்தனை விநாடி நிற்கும் என்பது அவள்.
மூலையில் முளைக்கும் பெருக்கல் குறி
எவ்வளவு சிறிசு, எவ்வளவு சாம்பல்,
பத்துக் கட்டைவிரலில் எத்தனை தவறும் என்பதெல்லாம்
அவள்.

"வாசலை மறிச்சு நிக்கிற வேலையா?" என்றார் அப்பா.
"சம்பளம் எவ்வளவு?" என்றார் அடுத்து.
சொன்னாள்.
"அப்ப நில்லு."

கீழ்ப்படுக்கையில் கம்பளி வியாபாரி புரேவ்சுரேன்
கால்மேல் கால் இறுக்கி உட்கார்ந்திருக்கிறார்.
காலிப் புட்டியைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார்,
பெருமூச்சு விட்டுச் சன்னலைப் பார்க்கிறார்.
சன்னலுக்கு வெளியே இன்னொரு பெட்டி அந்தரத்தில்.
விளக்கு வெளிச்சத்தில் ஒருத்தி ஆப்பிள் நறுக்குகிறாள்,
கீழே சக்கரமே இல்லை என்ற ஞாபகம் இல்லாமல்.

தமிழில் எழுதுகிறவனுக்கு இங்கே வேறொன்று நினைவு வருகிறது.
நிலைமொழி இந்தப் பக்கம், வருமொழி அந்தப் பக்கம்.
இரண்டு உயிர் நேருக்கு நேர் மோதக் கூடாதென்று
யகரமோ வகரமோ நடுவே ஓடி வந்து நிற்கும்.
யாருடைய எழுத்தும் இல்லை அது.
அது வராமல் வாய் தாண்டாது.
தோன்றல், திரிதல், கெடுதல் என்று
தலையில் குட்டிக் குட்டி ஒப்பிக்கவைத்தார்கள்.
தோன்றல் இவள் தொழில்.
திரிதல் இந்தப் பெட்டிக்கு அடியில் நடக்கிறது, டணார் டணாரென்று.
மூன்றாவதற்கு நான் இன்னும் போகவில்லை.

ஒன்றேகால் மணிக்குச் செல்பேசி அதிர்ந்தது.
ஹோஹோட் மருத்துவமனையிலிருந்து தம்பி ஸோரிக்த்.
"அப்பா ரிப்போர்ட் வந்திருச்சு. நான் திறக்கல. நீ பாரு."
கீழே ஒரு சுட்டி.
இலவசத் தளத்தில் ஏற்றியிருக்கிறான், கஞ்சப்பயல்.
தொட்டாள்.

தயிர்.

வெள்ளைக் கரண்டி, வெள்ளைக் கிண்ணம், சிரிக்கும் குழந்தை.
ஐந்து. நாலு.
அந்தக் குழந்தையைப் பதினாலு தடவை சிரிக்கவைத்தார்கள்,
கடைசியில் வாந்தி எடுத்தது.
மூன்று. இரண்டு.
வலது மூலையில் குறி முளைத்தது,
அவள் தேர்ந்தெடுத்த அதே சாம்பலில்.
இருட்டில் கண்ணை மூடிக்கொண்டும்
அதன்மேல் விரல் வைக்க அவளால் முடியும்.

வைக்கவில்லை.

கரண்டி மறுபடி இறங்கியது. குழந்தை மறுபடி சிரித்தது.
தயிர் விழுந்துகொண்டிருக்கும்வரை
அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.
மறுபடி. மறுபடி.
நாளைக்கு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள்
ஆச்சரியப்படுவாள்: எல்லையில் ஒரே ஒரு ஆள்,
ஆறு நிமிடம் நாற்பது விநாடி.
ஈடுபாடு என்ற கட்டத்தில் எழுதி
சிவப்பு மையால் வட்டம் போடுவாள்.
கேக் வெட்டினாலும் வெட்டுவார்கள்.

பெட்டி எப்போது இறங்கியதென்று தெரியவில்லை.
டம்ளரில் தண்ணீர் ஒருதரம் சாய்ந்து நிமிர்ந்தது, அவ்வளவுதான்.
ரயில் நகர்ந்து, சத்தம் கொஞ்சம் மெலிந்து,
கழிப்பறைப் பூட்டு திறந்ததும்
புரேவ்சுரேன் ஓடினார்.
வேறு மனிதராகத் திரும்பி வந்தார்,
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு.
அவள் விரல் குறிக்கு மேலே அப்படியே நின்றது.

எட்டிப் பார்த்தவர் கேட்டார்,
"நல்ல தயிராம்மா?"

"தெரியாது," என்றாள்.
"சாப்பிட்டதில்ல."